மேல் பக்கத்துக் கொண்டி

புரோசார்ட்
23 ஒக்டோபர் 1994

அண்ணா,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். கோபத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருக்கிற வலன்ரைன் அண்ணையின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் குசினிக்குள் நிற்கும் அத்தனை பேரும் காது கொடுப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால், பஸ்ஸிலும் மெத்ரோவிலும் வந்தால் தீர்ந்துபோகிற ஒரு தூரத்துக்கு முத்திரை ஒட்டுகிறேன்.

நான் கேட்டது ஒரு மடிப்பு ஏணி. வாசலைத் திறந்ததும் வருகிற விறாந்தையின் சீலிங்கில் ஒரு கதவு, அதைத் திறந்தால் இறங்கி வருகிற ஏணி, மேலே பரணில் என் புத்தகப் பெட்டிகளுக்கும் ஒரு கதிரைக்கும் இடம். இந்த வீட்டில் எந்த மூலையில் இருந்து வாசித்தாலும் யாராவது வந்து என்ன வாசிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஏறிப் போய்க் கதவை மூடிக்கொள்ளக்கூடிய ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. நீங்கள் மரவேலை செய்கிறவர் என்பதால் உங்களிடம் கேட்டேன். கதிரையில் ஏறி நின்று சோக்கட்டியால் சீலிங்கில் சதுரமும் கீறி வைத்தேன். கூரை மரங்கள் இரண்டுக்கு நடுவில் ஏணி அப்படியே பொருந்தும், எதையும் வெட்டத் தேவையில்லை என்று ஏணி வந்த பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து காலையில் வந்து பார்த்தால் என் சோக்குக் கோடு அப்படியே இருக்கிறது. நீங்கள் படுக்கிற சின்ன அறையின் சுவரலுமாரிக்குள், உடுப்புகளுக்கு மேலே, ஏணி தொங்குகிறது. அங்கே மரங்கள் குறுக்கே போவதால் ஒன்றை அறுத்திருக்கிறீர்கள்.

ஏன் என்று கேட்டேன். "அங்க வேணாம். இஞ்சதான் சரி" என்றீர்கள். திரும்பவும் கேட்டேன். "உனக்கு ஏறுறதுக்கு ஏணிதானே வேணும்? ஏணி இருக்கு." அதற்குப் பிறகுதான் நான் "இது என்ட வீடு" என்றேன். நீங்கள் பையை எடுத்தீர்கள்.

எதிர் வீட்டு ஆனந்தகிருஷ்ணன் அங்கிளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சென்னைக்காரர், கட்டட எஞ்சினியர், இந்த ஊருக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. ரோர்ச் லைட்டை மேலே அடித்துப் பார்த்தார்.

"யாரும்மா இத வெட்டினது?"

"எங்கட அண்ணன்."

"அவருக்கு உன் மேல ஏதாவது கோவமா?"

பிறகு சட்டைப் பையிலிருந்து மூன்று பேனாக்களை எடுத்து மேசையில் முக்கோணமாக அடுக்கினார். கீழ்ப் பேனாவை உருவியதும் மற்ற இரண்டும் இரு பக்கமும் சரிந்தன. "இதுக்குப் பேர் ட்ரஸ். கீழ இருக்கே, அது சீலிங்குக்கு இல்ல. கூரையோட ரெண்டு காலும் அகலாம இழுத்துப் பிடிச்சிட்டிருக்கு. வேட்டிக்கு பெல்ட்டு மாதிரி. இப்ப உங்க கூரை பெல்ட் இல்லாம நிக்குது. பெரிய ஸ்னோ விழறதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

அலுமாரிக்குள் இரண்டு முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சீலிங்கில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. தினமும் போய் அதைப் பார்க்கிறேன்.

ஏன் இடத்தை மாற்றினீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜெயமதி


பார்க் எக்ஸ்டென்ஷன்
29 ஒக்டோபர் 1994

தங்கச்சி,

உன் கடிதத்தை வலன்ரைன் அண்ணைதான் கையில் தந்தார். "என்னடாப்பா குலேந்திரன், காதல் கடிதமோ?" என்றார். "ஓம் அண்ணை, ஒரு கூரை எழுதியிருக்கு" என்றேன். அதற்குப் பிறகு ஒருவனும் என்னைக் கேட்கவில்லை.

மரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். மட்டக்களப்பில் நாங்கள் பார்த்த வீடுகளில் கூரையைத் தாங்குவது வளை என்கிற நீள உத்தரமும் அதில் சாய்கிற கைமரமும். சீலிங் மரம் சீலிங்கை மட்டும்தான் தாங்கும். அதில் ஒன்றை அறுத்தால் கேட்க ஆளில்லை. அந்த எண்ணத்தில்தான் மரம் அறுக்கிற வாளை வைத்தேன். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கடைசி இழை அறுந்தபோது வெட்டு தானாக விரிந்தது. டக் என்று ஒரு சத்தம், இரண்டு முனையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. தொங்குகிற மரம் ஏன் விலகுகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஏணியைப் பொருத்திப் பூட்டினேன். அங்கிளின் பேனாக் கதையை வாசித்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

அது என் பிழை. வந்து சரியாக்கித் தருவேன். இடத்தை மாற்றமாட்டேன். விறாந்தையில் வைக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். உன் சோக்குக் கோடு நேராகத்தான் இருந்தது.

"என்ட வீடு" என்றாய். உன்ட வீடுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை.

இங்கே ஆறு பேருக்கு ஒரு கதவு. நித்திரை சரியில்லை.

அண்ணா


புரோசார்ட்
6 நவம்பர் 1994

அண்ணா,

மூன்று பக்கம் எழுதிக் கேட்டதற்கு "மனமில்லை" என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அதையும் மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று முதல்முறையாக நானே மேலே ஏறினேன். சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் ஏறவே பயந்தவள் இந்த ஏணியில் ஏறியதைப் பார்த்து இவர் கீழே நின்று கைதட்டினார். சொல்லியாக வேண்டும், ஏணியை அழகாகப் பூட்டியிருக்கிறீர்கள். ஒரு படிகூட ஆடவில்லை. மேலே குளிருக்குப் போட்ட கண்ணாடிப் பஞ்சு குவிந்து கிடக்கிறது. முழங்கை இன்னும் கடிக்கிறது. அந்த முக்கோணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் போவதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கோபத்தை மறந்துவிட்டேன். எல்லாம் மெல்லிய மரங்கள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடுப்பில் வெட்டு.

ஆனால் கொண்டியை என்ன நினைத்துப் போட்டீர்கள்? கதவின் மேல் பக்கத்தில் இருக்கிறது. பரணுக்குள் இருப்பவர் பூட்டலாம், கீழே நிற்பவர் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது. ஏணியை மேலிருந்தே இழுத்து மடிக்க ஒரு கயிறும் கட்டியிருக்கிறீர்கள். அதைக் காட்டினால் இவர் சிரிக்கிறார்: "மச்சான் பேய்க்கு வசதி செஞ்சு குடுத்திருக்கான். நாம போய்த் தட்டினா, 'யாரது?' எண்டு கேக்கும்."

துவாரத்தை ஒட்டிப் போகிற புகைபோக்கிக்குப் பின்னால் மூன்று பலகையை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு போத்தல் நிறையத் தண்ணீர். வேலை செய்யும்போது தாகத்துக்கு வைத்ததாக்கும் என்று எடுத்துக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் பனி தூவியது. நிலத்தில் தங்கவில்லை, ஆனால் நான் வேலையில் இருந்தபடியே கூரையைத்தான் நினைத்தேன். அங்கிள் திட்டம் வரைந்து தந்திருக்கிறார். அறுத்த மரத்துக்கு இரண்டு பக்கமும் நீளமாகப் புது மரம் வைத்துப் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். அந்த மரங்கள் துவாரத்துக்குக் குறுக்கே வரும். அதாவது சுவரலுமாரிச் சீலிங்கில் நீங்கள் போட்ட கதவை அடைக்க வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் நீங்கள் வந்து செய்யாவிட்டால் ஆள் வைத்து அடைப்போம் என்று இவரும் நானும் முடிவெடுத்திருக்கிறோம்.

ஜெயமதி


பார்க் எக்ஸ்டென்ஷன்
10 நவம்பர் 1994

தங்கச்சி,

கொண்டி சரியாகத்தான் போட்டிருக்கிறது.

தண்ணீர்ப் போத்தலைத் திரும்ப வை.

ஆள் வைத்து அடைக்காதே. அடைத்தால் நான் இனி அந்த வீட்டில் படுக்கமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வந்த நாளிலிருந்து உன் வீட்டில் நான் ஒழுங்காக நித்திரை கொண்டது ஏணியைப் பூட்டிய அன்று ஓர் இரவுதான். அடுத்த நாள் சண்டை.

வேலையிடத்தில் நேற்று ஒரு குசினி அலுமாரிக் கதவின் பிணைச்சலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டேன். மேற்பார்வைக்காரன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். மெர்சி என்று நன்றி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல வார்த்தை இல்லைப் போல.

அண்ணா


புரோசார்ட்
16 நவம்பர் 1994

அண்ணா,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று எனக்கு லீவு. இவர் வேலைக்குப் போனபிறகு ஒரு புத்தகத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அடைப்பதற்கு முன் ஒரு தடவையாவது நான் ஆசைப்பட்டதை அனுபவித்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு. உங்கள் கயிற்றைப் பிடித்து ஏணியை மடித்து இழுத்தேன். கதவு தானாக வந்து மூடிக்கொண்டது. கொண்டியைப் போட்டேன். உங்கள் பலகையில் போய் இருந்தேன்.

முதலில் எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் வெட்கம். கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு மணித்தியாலம் எனக்கு வாய்த்ததில்லை.

பின்னேரம் இவர் நேரத்தோடு வந்துவிட்டார். "மதி" என்று கூப்பிட்டார். நான் விளையாட்டுக்குப் பேசாமல் இருந்தேன். "எங்க போயிட்டா? சப்பாத்து இஞ்ச கிடக்கு, ஆளக் காணல்ல" என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகத் திறந்தார். சின்ன அறைக்கு வந்தார். சுவரலுமாரியைத் திறந்தார். உடுப்புகள் கம்பியில் சறுக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கதவுக்குச் சீலிங்கின் வெள்ளையையே அடித்திருக்கிறீர்கள் அல்லவா, அவர் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் சட்டென்று தெரிந்திராது. எனக்கு நேர் கீழே, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம், அவர் நின்றார்.

அப்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், அண்ணா. அடக்க வேண்டும் என்று நினைத்து அடக்கவில்லை. நோகுமோ என்று என்னைத் தொடக்கூட யோசித்துத் தொடுகிற ஒரு மனிசன் கீழே நிற்கிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். அந்த இடத்தில் இருந்தால் உடம்பு அதைத்தான் செய்கிறது. எதிரே கொண்டி. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ப் போத்தல் இருந்த வட்டம், தூசியில் அடையாளமாக.

இவர் குசினிக்குப் போனபிறகு இறங்கி வந்தேன். "எங்க இருந்த?" என்றார். "பரணில" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடி ஒன்றும் விடவில்லை.

நான் இங்கே வந்து ஐந்து வருசத்துக்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அந்த ஐந்து வருசத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல வேண்டி வருமே என்று உங்களுக்காகக் கேட்காமல் விட்டதாக நினைத்திருந்தேன். எனக்காகவும்தான் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

நீங்கள் ஒளிந்திருந்தது யாருடைய வீடு அண்ணா?

மதி


பார்க் எக்ஸ்டென்ஷன்
20 நவம்பர் 1994

மதி,

சிவநேசம் மாமியின் வீடு.

தொண்ணூறாம் ஆண்டு, மட்டக்களப்பில் சண்டை நடந்த நேரம். பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம். மாமியின் உள் அறையில், உடுப்புக் கொடிக்கு மேலே, சீலிங்கில் ஒரு பலகைக் கதவு இருந்தது. வாகனச் சத்தம் கேட்டால் நான் மேசையில் ஏறி அதற்குள் போவேன். மாமி கீழிருந்து கொண்டியைப் போட்டுவிட்டு மேசையைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போவா. வெளியில் கொண்டி போட்ட கதவுக்குள் ஆள் இருக்கும் என்று ஒருத்தனும் நினைக்கமாட்டான் என்பது மாமியின் புத்தி. அது வேலையும் செய்தது. பலமுறை.

ஒரு நாள் துவக்கோடு வந்தவர்கள் மாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரிக்க என்று. மாமி படலையில் நின்று சத்தமாக, "வீட்ட ஒருத்தரும் இல்ல, பூட்டிட்டு வாறன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அது எனக்குச் சொன்னது.

ஆனால் மாமியைப் பூட்ட விடவில்லை, அவர்களில் சிலர் வீட்டுக்குள்ளேயே நின்றார்கள். மாமியின் பானையில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். ஒருவன் நன்றாகப் பாடினான். அவர்கள் போனபிறகு கதவைத் தள்ளிப் பார்த்தேன். கொண்டி மற்றப் பக்கம். உதைத்தால் சத்தம் கேட்கும். கூரை ஓடுகளைக் கழற்றினால் வெளியே தெரியும். தண்ணீர் இல்லை. அப்போது எனக்குப் பயமாக இருந்தது அவர்களை நினைத்து அல்ல. மாமி திரும்பி வராவிட்டால் என்ன செய்வேன் என்றுதான்.

மாமி வந்தா. அடுத்த நாள் மத்தியானம். மேசையை இழுத்துப் போட்டுக் கொண்டியை எடுத்தா. "இறங்குடா, சோறு போடுறன்" என்றா. நான் இறங்கினேன். அவவும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் சொல்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் படுத்தாலும் முதலில் சீலிங்கைப் பார்க்கிறேன். விறாந்தையில் வைத்தால் வாசலில் வருகிறவன் தலையை நிமிர்த்தினாலே கண்டுவிடுவான். அதனால் மாற்றினேன். இது புரோசார்ட், இங்கே யார் வரப்போகிறான் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். உடம்பு கேட்பதாக இல்லை.

அங்கிள் சொன்னபடி செய். ஆளை வை. நீயும் மச்சானும் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறீர்கள்.

அண்ணா


புரோசார்ட்
23 நவம்பர் 1994

அண்ணா,

ஆள் வைக்கமாட்டேன்.

அங்கிளிடம் ஒன்று கேட்டேன். கூரை விழுந்தால் முதலில் எந்த இடம் விழும் என்று. "வெட்டின எடத்துக்கு நேர் மேல தாம்மா. பனி அங்கதான் முதல்ல உள்ள வரும்" என்றார். உங்கள் பலகை இருக்கிற இடம். ஒளிவதற்கென்று நீங்கள் செய்த இடத்தின் கூரையை நீங்களே அறுத்திருக்கிறீர்கள். யாரும் வரத் தேவையில்லை. பனி வந்தால் போதும். இதை உங்களை நோகடிக்க எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் மாமியையும் உங்களையும் போல வாயைத் திறக்காத மூன்றாவது ஆளாகிவிடுவேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, வாருங்கள். எனக்கு அன்று வேலை. அதை மாற்றவில்லை, நான் பக்கத்தில் நின்றால் நீங்கள் ஒன்றும் செய்யமாட்டீர்கள். இவர் மரத்தைப் பிடிப்பார், அங்கிள் கத்துவார். சுவரலுமாரிக்குள் இருக்கிற துவாரத்தை அடையுங்கள். ஏணியை விறாந்தையில் வையுங்கள். என் சோக்குக் கோடு இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

வாசலில் வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கட்டும். "அது என்ன?" என்று கேட்பார்கள். "பரண், மதி புத்தகம் வாசிக்கிற இடம்" என்று நீங்கள் சொல்லலாம்.

கொண்டியை எந்தப் பக்கம் போடுவது என்பது உங்கள் விருப்பம்.

போத்தலை நிரப்பிக் குசினி யன்னலில் வைத்திருக்கிறேன்.

மதி


(குசினி மேசையில் வைத்தது)
3 டிசம்பர் 1994

மதி,

நீ வர முன்பு போகிறேன். வலன்ரைன் அண்ணை வீட்டில் இன்று சமையல் என் முறை.

மரம் வைத்தாயிற்று. முதலில் ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்தி, விலகிய முனைகளைக் கிட்டக் கொண்டுவந்தோம். அங்கிள் ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு "நட்டை இறுக்குப்பா! இது உன் தங்கச்சி வீடு, ஏதோ பார்க்குல போடற பெஞ்சு இல்ல!" என்று கத்தினார். மச்சான் மரத்தைப் பிடிக்கிறேன் என்று என் விரலைப் பிடித்தான். வெட்டு மூடிவிட்டது. தடவினால் தெரியும், பார்த்தால் தெரியாது. சுவரலுமாரிச் சீலிங்கில் பூச்சுக் காய இரண்டு நாள் எடுக்கும், உடுப்புகளைத் தொங்கவிடாதே.

விறாந்தையில் ஒரு மரத்தையும் வெட்டவில்லை. இரண்டு ட்ரஸ்ஸுக்கு நடுவில், பெட்டிப் படத்தில் போட்டிருந்தபடி, கை நுழைவது போல நுழைந்தது.

கொண்டியை மேல் பக்கம்தான் போட்டிருக்கிறேன். எனக்காக அல்ல. என்ன வாசிக்கிறாய் என்று கேட்க ஆளில்லாத இடம் உனக்கு வேண்டும் என்று முதல் கடிதத்தில் எழுதினாய். நான் அப்போது அந்த வரியைச் சரியாக வாசிக்கவில்லை. ஆனால் கதவில் சின்னத் துளை ஒன்று போட்டிருக்கிறேன். வளைந்த கம்பி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அதைத் துளைக்குள் விட்டுத் திருப்பினால் கீழிருந்தும் கொண்டி விலகும். நீ மேலே மயங்கி விழுந்தால் யாராவது திறக்க வேண்டும். கம்பி இந்தக் கடிதத்துக்குக் கீழே இருக்கிறது.

இன்னொன்று. வேலை முடிந்து விறாந்தையில், கதவுக்கு நேர் கீழே, சும்மா முதுகை நிமிர்த்துவோம் என்று படுத்தேன். ஏணி இறங்கித்தான் இருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது, அங்கிள் போய் வந்துகொண்டிருந்தார். மச்சான் தட்டி எழுப்பியபோது வெளியில் லைட் போட்டுவிட்டார்கள்.

அண்ணா


புரோசார்ட்
7 டிசம்பர் 1994

அண்ணா,

நேற்று முழுநாளும் பனி. அங்கிள் தன் வாசலைக்கூடத் துப்புரவாக்காமல் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார். நான் மேலே ஏறிக் கொண்டியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பனி விழுவதற்குச் சத்தம் இல்லை, ஆனால் அது ஏறியிருக்கும்போது கூரைக்கு ஒரு வேறு அமைதி வருகிறது. இடையிடையே ஒரு மரம் முனகியது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் புது மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் நாலு பக்கம்கூடப் போகவில்லை. பழக வேண்டும்.

இவர் கீழிருந்து, "ரீ போடுறன், வேணுமா? உன்ட பரணுக்கு டெலிவரி இல்ல" என்றார். நான் பதில் சொன்னேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உடனே, சத்தமாக, வேணும் என்று சொன்னேன்.

சின்ன அறையின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். சுவரலுமாரியில் பூச்சுக் காய்ந்துவிட்டது, உடுப்புத் தொங்கவிடலாம். எப்போது வருவீர்கள் என்று கேட்கமாட்டேன். வலன்ரைன் அண்ணை வீட்டுச் சமையல் முறை முடியட்டும்.

இந்தக் கவர் ஏன் பாரமாக இருக்கிறது என்று அவர் கேட்பார். உள்ளே அந்தக் கம்பி இருக்கிறது. இவர் இதை இரண்டு நாளிலேயே தொலைத்துவிடுவார், தெரியும்தானே. நீங்களே வைத்திருங்கள். மேலே இருக்கிறவளுக்கு, கீழே திரும்பி வந்து திறக்கிற ஆள் ஒன்று இருக்க வேண்டும்.

மதி